மூன்று ஐம்பத்திரண்டு

பீல் நகரத்தில் தெருக்களுக்கு இரண்டு பெயர்,
ஒன்று ஜெர்மன், ஒன்று பிரெஞ்சு.
மூன்றாவது வரிக்கு இடமில்லாத பலகைகளின் கீழால்
மூன்றாவது மொழியைப் பையில் போட்டுக்கொண்டு
நான் வேலைக்குப் போகிறேன்.

மணிக்கணக்கில் சம்பளம்.
சேர்க்கக் கூடாது. குறைக்கக் கூடாது.
அழக் கூடாது என்று எழுதவில்லை,
ஆனால் விளங்கும்.

மூன்றாம் மாடி. நவம்பர்.
ஜன்னலுக்கு வெளியே ஏரி இருக்கவேண்டும்.
மூடுபனி அதை எங்கோ எடுத்து வைத்திருந்தது.
கட்டிலில் குலவீரசிங்கம்.
இருபத்திரண்டு வருஷம் ஓர் உணவகத்தின் பின்பக்கம்
சட்டிகளோடு மல்லுக்கட்டிய கைகள்
போர்வைமேல் சும்மா இருக்கப் பழகிக்கொண்டிருந்தன.

திலகேஸ்வரியின் கைத்தொலைபேசியில்
நாற்பத்தொரு செய்திகள்.
ரொறன்ரோ மைத்துனர்:
"மோர்ஃபின் ஏத்த விடாதேங்கோ. ஆளை முடிச்சுப்போடுவாங்கள்."
யாரோ ஒரு வெள்ளைக்கோட்டு, பின்னணியில் வீணை:
அன்னமுன்னா இலைக் கசாயம், ஒரு மண்டலம், வேரோடு போகும்.
கோயில் குழுவில் ஒருவர்: "எல்லாருக்கும் அனுப்புங்கோ."
எல்லாரும் அனுப்பியிருந்தார்கள்.
அன்பு அப்படித்தான் வருகிறது,
ஆதாரம் இல்லாமல்,
தடித்த எழுத்தில்.

என்னைப் பார்த்தாள்.
"நீர் சொல்லும் தங்கச்சி, எது உண்மை?"
என் வாய்க்குள் ஒரு பதில் இருந்தது.
ஆனால் அங்கே நான் வாய் மட்டும்.
கேள்வியை அப்படியே
தாதி ரெகுலாவிடம் கொடுத்தேன்,
கொதிக்கும் பாத்திரத்தைத் துணி பிடித்துக் கைமாற்றுவதுபோல.

ரெகுலா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.
எத்தனை துளி, எதற்கு,
மூச்சு எப்படி இலேசாகும் என்று சொன்னாள்.
மலம் இறுகும், அதற்கும் கூடவே ஒரு மருந்து தருவோம் என்றாள்.
அளவறிந்து கொடுத்தால் அது சாவை இழுத்து வராது என்றாள்.
தீமையையும் சேர்த்துச் சொன்ன முதல் ஆள் அவள்.
நாற்பத்தொரு செய்தியிலும்
மலச்சிக்கல் பற்றி ஒரு வரி இல்லை.

"அந்தக் கசாயம் இதோட சேருமோ?"
ரெகுலா யோசித்தாள்.
"எனக்குத் தெரியாது.
மருந்தாளரிடம் கேட்டுவிட்டு
நாலு மணிக்குள் அழைக்கிறேன்."

தெரியாது.
எத்தனை வருஷமாய்ச் சொற்களைச் சுமந்து நடக்கிறேன்,
ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு
எடை குறையாமல் வந்து சேர்ந்தது
அது ஒன்றுதான்.
திலகேஸ்வரி கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று ஐம்பத்திரண்டு.
நான் பஸ்ஸில். மூன்று பேரும் ஒரே இணைப்பில்.
அவருடைய ஈரல் இருக்கும் நிலையில் கசாயம் வேண்டாம்.
ஆனால் அவருக்குப் பிடித்த குடிவகை ஏதும் உண்டா?
விழுங்க முடியாத நாளிலும்
பஞ்சில் நனைத்து உதட்டை ஈரமாக்கலாம்.
நான் தமிழில் சொல்லி முடிக்குமுன்
திலகேஸ்வரி தானாகவே சொன்னாள், ஜெர்மனில்:
"இங்வர் டே."
இஞ்சிப் பிளேன்ரீ.
பக்கத்து இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாசியில், பனி உருகுகிறபோது, அவர் போனார்.

இப்போது என் மேசையில் ஒரு துண்டுப்பிரசுரம்.
தாதியருக்கும் தொண்டருக்கும் வீட்டாருக்கும்.
இரண்டு மொழியில் அச்சாகிவிட்டது, தமிழ் என் பொறுப்பு.
தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது:
பலியேட்டிவ்.
"வலி தணிப்பு" என்றால், வலி மட்டுமா?
"இறுதிநிலைப் பராமரிப்பு" என்று போட்டு
திலகேஸ்வரியிடம் கொண்டுபோனேன்.
செவ்வாய்க்கிழமைகளில் அவள் இப்போது
பிறர் கட்டிலருகே இருக்கப் போகிறவள்.

கண்ணாடியைத் தேடிப் போட்டாள். வாசித்தாள்.
பேனை கேட்டாள்.
முதற்சொல்லின்மேல் ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு.

"இறுதியோ?
இந்தத் தாளை அண்டைக்கு ஆரும் தந்திருந்தால்
கிழிச்சிருப்பன்.
அதுக்குப் பிறகு மூண்டு மாசம்
மனிசன் ஒவ்வொரு காலமையும்
முகம் வழிச்சவர்."

சரி, வெட்டிய இடத்தில் என்ன எழுத?

"தெரியாது," என்றாள்.
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
"நாலு மணிக்குள்ள எடுத்துச் சொல்லுறன்."